திருடனா, பூங்கொடியா?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால், மறுநாளே அதைக் காட்டுவதற்கு எனக்கு ஓர் எதிரி வேண்டும். பத்தாவது படிக்கும்போது கராத்தே வகுப்பில் மூன்று நாள் சேர்ந்தேன். நான்காவது நாள் எங்கள் கடை மூட்டையை உதைத்ததில், துவரம்பருப்பு தெருவெல்லாம் ஓடியது. (அத்தா, அதாவது என் அப்பா, அன்றைக்கு எனக்குக் காட்டியது கராத்தேயே அல்ல, வேறு.) ஃபயர்வால் கற்றுக்கொண்டபோதும் அதேதான் நடந்தது. இந்த முறை நான் உதைத்தது ஒரு மலையை.

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. அத்தாவுக்கு மளிகைக் கடை. கல்லாவில் உட்கார்ந்தால் எதிரே கொல்லிமலை தெரியும். இருபத்து மூன்று வயது வரை தினமும் அந்த மலையைப் பார்த்தேனே ஒழிய, அங்கே மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அப்போது நாமக்கல்லில் இரண்டு அறை கொண்ட ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையில் இருந்தேன். முதலாளியோடு சேர்த்து மூன்று பேர். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் செம்மேட்டில் இருந்த அன்னாசி விவசாயிகள் சங்கத்துக்கு நாங்கள் ஓர் இணையதளம் செய்து கொடுத்தோம்.

அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு பழச்சாறு கம்பெனி சங்கத்திடம் அன்னாசி வாங்கியது. எந்த விவசாயி எத்தனை பழம் கொண்டுவருவார் என்று ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக எங்கள் தளத்தில் பதிய வேண்டும். சந்தை நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பெனி மேனேஜர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பார். பட்டியலில் பழம் இருந்தால் மறுநாள் விடியற்காலையில் லாரி மலையேறும். இல்லையென்றால் ஏறாது. போனில் சொன்னால் ஆகாதா என்றால், ஆகாது. முன்பு போனில் சொல்லிப் பல குளறுபடி ஆகிவிட்டதால், தளத்தில் ஏறினால்தான் லாரி என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தளத்துக்குள் ஒரு நாள் எவனோ புகுந்து, அன்னாசிப் படம் இருந்த இடத்தில் ஒரு மண்டையோட்டுப் படத்தை ஒட்டிவிட்டுப் போனான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சாதிக், ஃபயர்வால் ஒண்ணு போட்டுரு" என்றார். வாசலில் காவல்காரனை நிறுத்துவது மாதிரிதான் அது. தளத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, சந்தேகமாக இருந்தால் உள்ளே விடாது. எது சந்தேகம் என்பதை மட்டும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் யோசித்தேன். (யோசித்தேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.) ஒரு விவசாயி தன் பழத்தைப் பதிய எத்தனை முறை படிவம் அனுப்புவார்? ஒரு முறை. தப்பாகிவிட்டால் இரண்டு. சரி, தாராளமாக ஐந்து என்று வைப்போம். பத்து நிமிடத்துக்குள் ஒரே இடத்திலிருந்து ஐந்துக்கு மேல் வந்தால் அது மனிதன் இல்லை, மெஷின். தடு! முன்னால் வந்த ஐந்தையும் சேர்த்து அழி! விதியை எழுதி முடித்து, கடவுச்சொல்லையும் மாற்றினேன். அது என்ன சொல் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்கும்போது உங்களுக்கு என் மேல் மரியாதை இருக்காது.

சந்தைக்கு முதல் நாள், மதியம் மூன்று பத்துக்கு எதிரி வந்தான்.

திரையில் ஒவ்வொன்றாக ஏறின. ஒரு படிவம், இரண்டு, மூன்று. இரண்டு நொடிக்கு ஒன்று. எல்லாம் ஒரே இடத்திலிருந்து, எல்லாவற்றிலும் ஒரே தொலைபேசி எண். ஒரு தப்பு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. ஆறாவது வந்ததும் ஃபயர்வால் சாத்தியது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். "மாட்டுனாண்டா!" என்று கத்தியதில் அடுத்த அறையில் முதலாளி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன் வேறு முகவரியில், அதாவது நெட்டில் ஆளை அடையாளம் காட்டும் எண்ணை மாற்றிக்கொண்டு, வந்தான். அடேயப்பா! திரும்பவும் அதே வேகம். திரும்பவும் ஆறாவதில் தடை. ஏழு நிமிடம் கழித்து மூன்றாவது முகவரி. எனக்குப் புல்லரித்தது. முகவரியை மாற்றி மாற்றி வருகிறான் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறானோ!

இந்த யுத்தத்தின் நடுவே மேஜை போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"ஏனுங்க சார், செம்மேட்டுச் சங்கத்துலருந்து பூங்கொடி பேசறேனுங்க. சைட்டு பாதியிலயே சாத்திக்குதுங்களே?"

சங்கத்தில் கணக்கு வழக்கு பார்க்கிறவர் என்று பெயர் மட்டும் தெரியும். எனக்கு அப்போது பேச நேரமில்லை. "மேடம், ஒரு பெரிய அட்டாக் நடந்துட்டு இருக்கு. நான்தான் தடுத்துட்டு இருக்கேன். அதான் சைட்டு மெதுவா இருக்கும். நீங்க விடாம முயற்சி பண்ணிட்டே இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் விடாமல் முயற்சி செய்தார்.

அதற்கப்புறம் எதிரி இன்னும் மூர்க்கமாகிவிட்டான். நாலு, அஞ்சு, ஆறு என்று புதுப்புது முகவரிகள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவன் முகவரி எண்களின் முதல் பாதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒவ்வொன்றாக ஏன் மெனக்கெட வேண்டும்? அந்த முதல் பாதி உள்ள எவனும் உள்ளே வரக்கூடாது என்று வரிசையையே மொத்தமாகச் சாத்தினேன். திரை அமைதியானது. அந்தச் சந்தோஷத்தோடு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வடை இரண்டு, எக்ஸ்ட்ரா சட்னி.

சாயங்காலம் சங்கத்திலிருந்து தளமே திறக்கவில்லை என்று முதலாளிக்கு போன் வந்தது. அவர் என்னிடம், "நாளைக்கு நேரா மலைக்குப் போய், நடந்ததை அவங்களுக்கு வெவரமா சொல்லிட்டு வந்துரு" என்றார். பாராட்டு வாங்கத்தான் அனுப்புகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். எதிரியின் அத்தனை வருகைகளையும் நாற்பது தாள்களில் அச்சடித்துக்கொண்டேன். ரம்ஜானுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் வீட்டிலிருந்தே மதிய பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பது வரை தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் நடந்தது அந்தச் சட்டைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

செம்மேட்டில் இறங்கினால் சந்தைக் கூட்டம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சங்கக் கட்டடத்தின் முன்னால் அன்னாசி மலை மாதிரி குவிந்து கிடந்தது. வாசனையே ஆளைத் தூக்கியது. உள்ளே முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எடப்புளி நாட்டிலிருந்தும் தேவனூர் நாட்டிலிருந்தும் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) விடியுமுன்பே பழத்தை அறுத்துத் தலைச்சுமையாகவும் ஜீப்பிலும் கொண்டுவந்து இறக்கியவர்கள். தலைவர் பெரியண்ணன் எனக்கு நாற்காலி போட்டார். ஓரமாக, கம்ப்யூட்டர் பக்கத்தில், நெற்றியில் சின்னப் பொட்டும் மடியில் ஒரு நீள நோட்டுமாக ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். அவர்தான் பூங்கொடி.

நான் எழுந்து பேசினேன். ஐயோ, என்ன பேச்சு! "உங்களுக்கு ஒரு பயங்கரமான எதிரி இருக்கிறான். நேற்று அவனோடு நான் ஒண்டியாகப் போராடினேன்" என்று ஆரம்பித்தேன். தாள்களை ஆட்டினேன். "ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு அனுப்புறான். ஒரு தப்பு கிடையாது. களைப்பு கிடையாது. தடுத்தா வேற வேசத்துல வாரான். இது மனுசனால முடியுற வேலையே இல்லீங்க. இது ஒரு மெஷின்!"

ஒரு பாட்டையா "ஆத்தாடி" என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

பூங்கொடி மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சார், அந்த ஆளு மொதல்ல எத்தன மணிக்கு வந்தானுங்க?"

"மூணு பத்துக்கு."

அவர் நோட்டைப் பிரித்தார். "அடுத்தாப்புல மூணு இருவத்தி நாலுங்களா?"

நான் தாளைப் பார்த்தேன். மூன்று இருபத்து நான்கு.

"அப்புறம் மூணு முப்பத்தி ஒண்ணு. அதுக்கப்புறம் நாலு அஞ்சு."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அது நான்தானுங்க சார்" என்றார் பூங்கொடி.

அவர் வெட்கத்தோடு விளக்கினார். சங்கத்தில் போனுக்கும் நெட்டுக்கும் ஒரே லைன். அது வந்தால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நிற்கும், போய்விடும். அதற்குள் நாற்பத்து மூன்று பேரை எப்படிப் பதிவது? அதனால் லைன் இருக்கும்போது எங்கள் தளத்துப் படிவத்தைத் திரையில் நாற்பத்து மூன்று ஜன்னல்களில் திறந்து வைத்துக்கொள்வாராம். லைன் போன பிறகு, ஒவ்வொரு ஊர்க்காரரும் சொல்லி அனுப்பியதை நோட்டைப் பார்த்து ஒவ்வொரு ஜன்னலிலும் நிரப்பி, இரண்டு தடவை சரிபார்த்து வைப்பாராம். மறுபடி லைன் வந்ததும் 'அனுப்பு' பொத்தானை வரிசையாக அமுக்கிக்கொண்டே போவாராம். ஊர்களில் போன் கிடையாது என்பதால் எல்லோருக்கும் சங்கத்தின் எண்ணையே போட்டாராம். லைன் அறுந்து திரும்ப வரும்போதெல்லாம் முகவரி எண் தானாக மாறும். (இது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எட்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.)

"லைன் எப்ப வருது, எப்பப் போவுதுன்னு எதுக்குங்க எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"போன் ஆபீசுல புகார் சொன்னா, எப்பப் போச்சுன்னு கேக்கறாங்களேங்க. அதுக்குத்தான். விடாம முயற்சி பண்ணுங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பண்ணுனேனுங்க."

முதலில் அந்தப் பாட்டையாதான் சிரித்தார். அப்புறம் கட்டடமே சிரித்தது. "ஏம்புள்ள பூங்கொடி, நீ மெசினாமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரியண்ணன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூமி பிளந்து என்னை எடுத்துக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது.

ஆனால் பூங்கொடி சிரிக்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றேகால்.

"சார், நான் சொல்லித்தான் இவங்க அறுத்தாங்க. லாரி வரும்னு சொல்லிட்டேன். பட்டியல் இன்னும் ஏறலீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே குவிந்து கிடந்தது வெறும் பழமில்லை, அவருடைய சொல். பழுத்து அறுத்த அன்னாசி இரண்டு நாளில் அழுகிப்போகும். நாளைக்கு லாரி வராவிட்டால் இனி இந்த நாற்பத்து மூன்று பேரும் அவரை நம்பி எதையும் அறுக்க மாட்டார்கள்.

"ஒரு நிமிசங்க, தடையை எடுத்துர்றேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் பாய்ந்தேன். தளம் திறக்கவில்லை. ஏன் திறக்கும்? நான்தான் வரிசையையே சாத்திவிட்டேனே! கொல்லிமலை மொத்தமும் அதற்குள் இருந்தது. முதலாளிக்கு போன் போட்டேன். "டேய், காலையிலருந்து நம்ம ஆபீசுலயும் தொறக்கலடா" என்றார். நாமக்கல்லும் உள்ளே. என் வீட்டுச் சாவியை உள்ளே வைத்து, என்னையே வெளியே நிறுத்திப் பூட்டியிருந்தேன். எங்களுக்குத் தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனியோ வெளிநாட்டில். மெயில் அனுப்பினால் அவர்கள் பதில் சொல்ல ஒரு நாளாகும்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பூங்கொடி கேட்டார். "மெட்ராசுலருந்து தொறந்தா தொறக்குமுங்களா?"

"தொறக்கும், அங்க நம்பர் வரிசையே வேற... ஆனா அங்க யாருங்க இருக்கா?"

"பட்டியலைப் பாக்கறாரே, அந்த மேனேஜர் சார் இருக்காருங்களே. அவரு முன்னாடி கம்ப்யூட்டரு இருக்குமுங்களே. நீங்க சொல்லச் சொல்ல அவரு அமுக்கட்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் படித்த என் மண்டையில் அது உதித்திருக்காது. போனை அவரே போட்டார். மேனேஜரிடம் இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லி, சம்மதிக்க வைத்து, எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். கரகரவென்று லைன். எப்போது வேண்டுமானாலும் போய்விடும். மேனேஜர் கேட்டார். "பாஸ்வேர்டு சொல்லுங்க சார்."

ஜன்னலில் சந்தைக் கூட்டம். உள்ளே நாற்பது பேர். பாதுகாப்பு நிபுணனாகிய நான் என் ரகசியச் சொல்லை அத்தனை பேர் முன்னிலையில் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

"கே! கே ஃபார் கோயமுத்தூர்! ஐ ஃபார் இட்லி! என் ஃபார் நாமக்கல்! ஜி ஃபார் கோபி!"

பாதி வழியிலேயே என் குரல் போய்விட்டது. மீதியை நான் காதில் சொல்ல, பூங்கொடி கணீரென்று கத்தினார். மேனேஜர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, சரிதானா என்று பார்க்க மொத்தமாக வாசித்தார். "கிங் ஆஃப் செக்யூரிட்டி. இதானுங்களா சார்?"

"அதேதாங்க" என்றேன், தரையைப் பார்த்து.

"அப்படின்னா என்னாங்க?" என்றார் பாட்டையா. பெரியண்ணன் மொழிபெயர்த்துச் சொன்னார். "பாதுகாப்புக்கே ராசாவாமா." அந்தச் சிரிப்பு சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

மேனேஜர் நான் சொன்ன இடங்களில் அமுக்கி, வரிசைத் தடையை எடுத்தார். ஐந்து படிவ விதியையும் எடுத்தார். போனை வைத்ததும் லைன் போயே போய்விட்டது. மணி நான்கு. நான்கேகால். நான்கரை. நான் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். பக்கத்தில் ஓர் அம்மா எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். நான்கு நாற்பத்தொன்றுக்கு பூங்கொடி நோட்டில் நேரத்தை எழுதினார். லைன் வந்துவிட்டது!

அப்போதுதான் எதிரியை நேரில் பார்த்தேன். நேற்று நிரப்பியது எதுவும் வீணாகாமல் ஜன்னல்கள் அப்படியே திறந்திருந்தன. கரண்ட் போனால் போய்விடுமே என்று சங்கத்து பேட்டரியை ராத்திரி முழுக்க அதற்கே மாட்டி வைத்திருந்தாராம். அமுக்கினார், மூடினார். அமுக்கினார், மூடினார். இரண்டு நொடிக்கு ஒன்று. ஒரு தப்பு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. பழைய கம்ப்யூட்டர் முனகியது, அவர் முனகவில்லை. நாற்பத்து மூன்றாவது போனதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஆச்சுங்க" என்றார். என்னையும் அறியாமல் கை தட்டிவிட்டேன். மெஷின் என்று நான் சொன்னதில் பெருமை மெஷினுக்குத்தான்.

மறுநாள் லாரி வந்தது.

கிளம்பும்போது, அவமானத்தில், "ஃபயர்வாலையே எடுத்துர்றேனுங்க" என்றேன். "அதெதுக்குங்க? மண்டையோடு திரும்ப வந்துருமில்லீங்களா?" என்றார் அவர். "காவலுக்கு ஆளு இருக்கட்டும். வந்ததும் அடிக்காம, கொஞ்ச நாளு யாரு யாரு வாராங்கன்னு பாத்து மட்டும் சொல்லச் சொல்லுங்க. எங்கிட்ட நோட்டு இருக்குது, ஒத்துப் பாத்துக்கலாம்."

அப்படியே செய்தோம். இரண்டு வாரம் ஃபயர்வால் யாரையும் தடுக்கவில்லை. சந்தேகப்பட்டதை எழுதி வைத்ததோடு சரி. தினம் மதியம் போனில் அவர் நோட்டை வாசிப்பார், நான் என் தாளை வாசிப்பேன். அது சந்தேகப்பட்டவர்களில் பாதிப் பேர் சங்கத்து ஆட்கள். திரை நகரவில்லையே என்று ஒரே பொத்தானை ஏழு முறை குத்திய மர்ம நபர், நம் தலைவர் பெரியண்ணன். கடைசியில் சங்கத்தின் கணக்கில் உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் எண்ணிக்கை விதியைத் தளர்த்தினோம், மற்ற விதிகளெல்லாம் அப்படியே நின்றன. மண்டையோட்டுக்காரன் பிறகு இரண்டு முறை வந்து வாசலோடு திரும்பிப் போனான். இந்த வேலையை இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் பெரிய பெரிய வார்த்தை சொல்லிச் செய்கிறார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு நீள நோட்டு.

இந்தக் கதையை என் வீட்டுக்குத் தெரியாமலேதான் வைத்திருந்தேன். என் கல்யாணத்துக்கு ஒரு கூடை அன்னாசியோடு வந்த பூங்கொடி அக்கா, மேடையில் என் காதருகே குனிந்து, மைக் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பத்து நிமிசத்துல அஞ்சு பேருக்கு மேல மேடைக்கு வாராங்க சார். தடுத்துராதீங்க." பக்கத்திலிருந்த என் மனைவி என்னவென்று கேட்டாள். அன்றோடு என் மானம் போயிற்று.

இப்போது பெங்களூரில், இதே வேலையில்தான் இருக்கிறேன். எச்சரிக்கை மணி அடித்தால், தமிழே தெரியாத பையன்கள்கூட முதலில் "பூங்கொடியான்னு பாத்தியா?" என்றுதான் கேட்பார்கள். பார்க்காமல் யாரையும் தடுக்கக்கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். வீட்டில் அதைவிட மோசம். காலிங் பெல் அடித்தால் போதும், என் மகள் கதவருகே ஓடி, "திருடனா, பூங்கொடியா?" என்று கத்துவாள். கூரியர்காரர்கள் பல பேர் குழம்பிப் போயிருக்கிறார்கள்.

போன பெருநாளன்று வீடு நிறைய விருந்தாளிகள். பெல் அடித்தது. மகள் வழக்கம்போல ஓடிப்போய்க் கத்தினாள்.

"திருடனா, பூங்கொடியா?"

அன்னாசி வாசனை கதவிடுக்கு வழியாக முதலில் உள்ளே வந்தது.

"பூங்கொடிதான் கண்ணு. இன்னும் அஞ்சு பேரு ஆகலீன்னா, கதவத் தொற சாமி."